வெட்டுகிற றிபன், குத்துகிற றிபன்

வன்னியில் சிவப்பு றிபன் என்றால் கூடவே ஒரு கத்தரிக்கோலும் ஞாபகத்துக்கு வரும். ரோட்டுக்கு, கிணற்றுக்கு, முன்பள்ளிக்கு, தண்ணீர்த் தாங்கிக்கு, எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரு றிபன். பிரதம விருந்தினர் வரும்வரை பிள்ளைகள் வெயிலில் நிற்க வேண்டும். வந்தவர் வெட்டுவார், படம் எடுப்பார்கள், றிபன் குப்பைக்குப் போய்விடும்.

மற்ற நாட்டுக்காரரும் வெட்டுகிறார்கள்தான். ஆனால் நெஞ்சில் குத்தியும் விடுகிறார்கள். அமெரிக்காவில் ஊர்க் கண்காட்சிகளில் நல்ல மாட்டுக்கும் பூசணிக்காய்க்கும்கூட றிபன் உண்டு. அங்கே நீலம் முதலாமிடம், சிவப்பு இரண்டாமிடம். பிரித்தானியக் குதிரைப் போட்டிகளில் சிவப்புத்தான் முதலாமிடம். நெப்போலியன் 1802இல் தொடங்கிய, பிரான்சின் மிக உயர்ந்த விருதான லெஜியோன் தொனரைப் பெற்றவர், அன்றாடம் கோட்டில் ஒரு மெல்லிய சிவப்பு நாடாவைச் செருகிக்கொண்டாலே போதும், பிரான்சில் ஆளை மதிப்பார்கள். எயிட்ஸ் நோயாளிகளுக்காக 1991இல் நியூயோர்க் கலைஞர்கள் மடித்துக் குத்திய சிவப்பு நாடா உலகம் முழுக்கப் போனது. எல்லாம் மலிவுத் துணி.

நாங்களோ பரிசாகக் கொடுக்கிற பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு அனுசரணை தேடி அலைகிறோம். பள்ளிக்கூடத்தில் இல்லங்களுக்கிடையே விளையாட்டுப் போட்டி வந்தால் சோடனைக்கு மட்டும் றிபன் சுருள் சுருளாக வரும். (சிவப்போடு மஞ்சளைச் சேர்த்துச் சோடித்தால், புலிகளின் கொடி நிறம் என்று விசாரிக்க ஆட்கள் வருவார்கள். அது வேறு கதை.) ஓடுகிற எல்லோருக்கும் றிபன் குத்தச் சொல்லவில்லை, அப்படிச் செய்தால் பிள்ளைகளே சிரிக்கும். விடியக் காலையில் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட பிள்ளைக்கு ஒன்று குத்தலாமே? விவசாயக் கண்காட்சியில் நல்ல தயிர் முட்டிக்கு, இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த நெல்லுக்கு, காட்டுத் தேனுக்கு, பட்டி மாட்டுக்கு?

இன்னொன்றும் இருக்கிறது. மிதிவெடி அகற்றுகிற காணிகளில் சிவப்புத் தடி நின்றால் அதற்கப்பால் கால் வைக்கக் கூடாது. எங்கள் பிள்ளைகள் பலர் சிவப்பை அப்படித்தான் படித்தார்கள். அந்த நிறத்தைப் பாராட்டாகவும் ஒருமுறை கையில் கொடுத்துப் பார்க்கலாம்.

சரி, விழா எடுக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த திறப்பு விழாவுக்கு வாங்குகிற றிபனில் கொஞ்சம் மிச்சம் பிடியுங்கள். கிணறு என்றால் அதை வெட்டியவர்களுக்கு, கட்டடம் என்றால் மேசன்மாருக்குக் குத்தி விடுங்கள். பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை இருக்கிறதுதானே.