மழைக்கு லீவு விட்டுவிட்டு ஆன்லைன் வகுப்பு எதற்கு?

மழை விடுமுறை என்று கலெக்டர் அறிவித்த அரை மணி நேரத்தில் எங்கள் கல்லூரி வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிடுகிறது. நாளை 9 மணிக்கு ஆன்லைன் வகுப்பு, வருகைப்பதிவு உண்டு. படித்ததும் வயிறு எரிகிறது. ஊட்டிக்கு பஸ் ஓட முடியாத மழை என்றால் நீலகிரியில் எங்கள் மஞ்சூர்ப் பக்கம் முதலில் போவது கரண்ட்தானே? கற்பூர மரம் ஒன்று கம்பியில் சாய்ந்தால் போதும். டவரில் பேட்டரி தீர்ந்ததும் சிக்னலும் போய்விடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டிய மலை இது. குந்தா மின்நிலையங்களில் தயாராகும் கரண்ட் எங்கள் ஊரைத் தாண்டித்தான் கீழே போகிறது, எங்கள் வீட்டில் மெழுகுவத்தி எரிகிறது.

போன வாரம் 11 சதவீத சார்ஜோடு தேயிலைக் காட்டு மேட்டில் நின்றேன். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய போன். சார் என் பெயரைக் கூப்பிட்டது நன்றாகவே கேட்டது. "எஸ் சார், எஸ் சார்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "இவனும் வரலையா, சரி" என்று அடுத்த பெயருக்குப் போய்விட்டார். ஆப்சென்ட்!

அப்புறம் கல்லூரி திறந்ததும் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆன்லைன் கல்வியில் ஆர்வம் எவ்வளவு, 1 முதல் 5 வரை போடு என்று. 1 போட்டால் பசங்களுக்கு அக்கறை இல்லை என்பார்கள். 5 போட்டால் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று எழுதிக்கொள்வார்கள். நான் மழையில் நின்றதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஆர்வம் இல்லாமலா போன பருவத்தில் ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடம் ஒன்றை 12 வாரம் படித்துத் தேறினேன்? கல்லூரி வைஃபையில் வீடியோக்களை இறக்கிக்கொண்டு போய் ராத்திரி பார்ப்பேன். புரியாத இடத்தை மூன்று தடவை ஓட்டினாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஒரு பருவப் பாடங்களில் 40 சதவீதம் வரை மத்திய அரசின் சுவயம் இணையப் பாடத் தளத்தில் படிக்கலாம் என்று 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அனுமதித்தது, அதை மனதார வரவேற்கிறேன். அந்தப் படிப்பும், 60 பேர் மைக்கை அணைத்துவிட்டு, சார் ஸ்லைடு வாசிப்பதைக் கேட்பதும் ஒன்றா?

வகுப்பைப் பதிவு செய்து குழுவில் போடுங்கள் சார். கரண்ட் வந்ததும் பார்த்து, குறிப்பெழுதி, நோட்டைக் கொண்டுவந்து காட்டுகிறேன். இதை ஆறு தடவை கேட்டாகிவிட்டது. நாளைக்கும் கனமழையாம். குழுவில் 9 மணி வகுப்புக்கு லிங்க் வந்துவிட்டது.