கப்பி ஃபீமேலுக்கு ஆரஞ்சு பிடிக்குமா? எந்த ஓடைன்னு கேளுங்க முதல்ல

வீட்ல சின்னதா ஒரு தொட்டி இருக்கு, கப்பி தான், கிணத்துல கொசுப்புழு திங்க விடுவாங்களே அதே மீன், கடையில வாங்குனதால வால் மட்டும் கொஞ்சம் பகட்டு. ராத்திரி சாப்ட்டுட்டு அது முன்னாடி உக்காந்தா டிவியே வேணாம். மேல் (ஆண் மீன்) வந்து ஃபீமேல் முன்னாடி உடம்ப வளைச்சு வெடவெடன்னு நடுங்குவான், அவ கண்டுக்காம மேய்வா, இவன் சுத்தி வந்து மறுபடி அதே டான்ஸ்.

ஃப்ரெண்டு ஒருத்தர் இத பாத்துட்டு "பளபளன்னு இருக்கறவன தான் புடிக்கும், அது இயற்கை"ன்னாரு. உடனே மயில வேற உதாரணத்துக்கு இழுத்தாரு. இந்த "இயற்கை"ங்கற வார்த்தைய கேட்டாலே எனக்கு கடுப்பாகும்.

கப்பியோட சொந்த ஊர்ல ஒண்ணு ட்ரினிடாட்ங்கற கரீபியன் தீவு, அங்க மலை ஓடைல அருவிக்கு கீழ கப்பிய முழுங்குற பெரிய மீனுங்க இருக்கும், அதனால கீழ இருக்கற மேல்ஸ் கலர் கம்மி, அருவிக்கு மேல அந்த பயம் அவ்வளவா இல்ல, அங்க கலர்ஃபுல். 1976ல ஜான் எண்ட்லர்னு ஒரு ஆராய்ச்சியாளர் ஆபத்தான இடத்துலேருந்து 200 கப்பிய புடிச்சு, கப்பியே இல்லாத, பெரிய எதிரியும் இல்லாத ஒரு ஓடைல விட்டாரு. ரெண்டு வருஷத்துக்குள்ள, சுமார் 15 தலைமுறைல, மேல்ஸ் நல்லா கலர் ஏறிடுச்சு.

சரி, அந்த கலர்ல ஆரஞ்சு மேல இருக்கற ஆசை எல்லா ஃபீமேலுக்கும் ஒண்ணா? இல்ல. ஓடைக்கு ஓடை மாறுது, ஆரஞ்சு மேல்ஸ் ஜாஸ்தியா உள்ள எடத்துல ஆசையும் ஜாஸ்தி, சில எடத்துல பெருசா சட்டை பண்றதே இல்ல. ரசனையும் நிறமும் சேந்தே நகருது. இன்னொரு கூத்து, ஓடைல ஆரஞ்சு பழம் விழுந்தா கப்பிங்க பாஞ்சு திங்கும், ஆராய்ச்சிக்காக வெறும் ஆரஞ்சு வட்டத்த தண்ணில வெச்சதுக்கே மேல் ஃபீமேல் ரெண்டும் வந்து கொத்துச்சாம்! அப்ப இந்த ரசனை வயித்துலேருந்து ஆரம்பிச்சிருக்கலாம்ங்கறாங்க, எனக்கு இது ரொம்ப பிடிச்ச பாயிண்ட். மீனோட அந்த ஆரஞ்சுக்கான நிறமில ஒரு பங்க மீனால சொந்தமா செய்ய முடியாது, பாசி கீசி தின்னு தான் சேக்கணும்.

இதுக்கு மேல, கண்ணுக்கு பழகாத டிசைன்ல ஒருத்தன் வந்தா அவனுக்கு மவுசு கூடுது, ஓடைல ரெண்டு கப்பி மேல் ஒரே மாதிரி கெடைக்கறது கஷ்டம்ங்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். எல்லாரும் ஒரே "பெஸ்ட்"ட புடிச்சிருந்தா இத்தன டிசைன் எப்டி மிஞ்சும்?

போன வாரம் கருப்பு வால்காரன் ஒருத்தன வாங்கி விட்டேன். பெரிய ஃபீமேல் அவன் பக்கமே போயிட்டு இருக்கா, பழைய ஆரஞ்சுக்காரன் இன்னும் மூலைல நடுங்கிட்டு இருக்கான், பாவம்.