நாமும் நாங்களும்

"தமிழில் மட்டும் ஏன் நாம், நாங்கள் என்று இரண்டு?" என்று கட்டுரையில் கேட்டிருந்தீர்கள். தமிழில் மட்டும் இல்லைங்க. குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. அதிலும் கேட்பவரைச் சேர்த்தால் மனமு, சேர்க்காவிட்டால் மேமு. மராத்தி, குஜராத்தியிலும் உண்டு. ஆனால் இன்றைய கன்னடத்தில் 'நாவு' ஒன்றுதான்.

பெங்களூரிலிருந்து எதிர்வீட்டுக்குக் குடிவந்த கன்னடக்காரப் பையன், "நாளைக்கு நாம வேலூர் கோட்டைக்குப் போறோம்" என்று என் பெண்ணிடம் சொன்னான். அவன் நினைத்தது அவர்கள் குடும்பத்தை மட்டும். இவளோ விடிந்ததும் குளித்து, தலைவாரி, செருப்பு மாட்டிக்கொண்டு அவர்கள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பாவம், அவர்கள் கூட்டிக்கொண்டே போனார்கள்.

ஒரு சொல்லில் இத்தனை இருக்கிறது! ஒரே குடும்பத்து மொழிதானே, கன்னடம் இந்த வேறுபாட்டை எப்படிக் கைவிட்டது? விவரம் தெரிந்தவர்கள் அவசியம் எழுதுங்கள்.