கோப்பை வந்து நாலு வாரம் கழித்து

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில். ரேஷன் கார்டு கேரளா, வீட்டுப் பேச்சு தமிழ், பெண் கொடுத்து எடுப்பது பொள்ளாச்சிப் பக்கம். விளையாட்டும் அப்படித்தான். நெல் அறுத்த வயலில் செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற கால்பந்து; கோயில் திடலில் கபடி. பத்து வருடமாக எங்கள் செவன்ஸ் டீமுக்கு நான்தான் மேனேஜர். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எண்ட்ரி ஃபீஸ் கட்டுவது, ஜீப் பிடிப்பது, தோற்றால் பையன்களின் அப்பாக்களிடம் திட்டு வாங்குவது, இவ்வளவுதான் வேலை.

இரண்டு வருடம் முன்பு மாசி மாதத்தில் ஒரு டோர்னமெண்டுக்குப் போனோம். ஐந்து ராத்திரி, மின்விளக்கு வெளிச்சத்தில் ஆட்டம், பதினாறு டீம். எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். ரன்னர்ஸ் கோப்பை எங்களுக்கு. பட்டாசு, ஜீப்பின் மேல் ஏறி ஆட்டம், பிரியாணி எல்லாம் முடிந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

நாலு வாரம் கழித்து எங்கள் கோல்கீப்பர் பையனுக்குக் காய்ச்சல். தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டல் என்றான். மூன்றாம் நாள் சிறுநீர் கட்டன் சாயா (பால் ஊற்றாத டீ) நிறத்தில் போனது, அதற்கு மறுநாள் கண் மஞ்சள். பத்து நாளுக்குள் இன்னும் மூன்று பேர். எங்கள் அம்மா கீழாநெல்லியை அரைத்துக் கொண்டு போய் வீடு வீடாகக் கொடுத்தாள். கொடுக்கட்டும், அன்புக்கு மருந்துச் சீட்டா வேண்டும்? ஆனால் ரத்தப் பரிசோதனையையும் விடவில்லை. ஹெபடைடிஸ் ஏ என்று வந்தது, தண்ணீர், சாப்பாடு வழியாகப் பரவுகிற மஞ்சக்காமாலை.

எங்கள் வார்டு ஆஷா சேச்சி (வீடு வீடாக வருகிற அரசு சுகாதாரப் பணியாளர்) வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அண்ணா, போன ஒண்ணு ஒண்ணரை மாசத்துல இந்த நாலு பேரும் ஒண்ணா எங்க தண்ணி குடிச்சாங்க?"

எனக்கு உடனே அந்த அண்டா ஞாபகம் வந்தது. பாலக்காட்டுப் பக்கம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே விருந்து, திருவிழா எதுவானாலும் பதிமுகம் என்ற மரச்சீவல் போட்டுக் கொதிக்க வைத்த சிவப்புத் தண்ணீர்தான். கொதிக்க வைத்ததால் பத்திரம் என்று எல்லோரும் நம்புவோம். அன்று கமிட்டிக்காரர்கள் நன்றாகத்தான் கொதிக்க வைத்திருந்தார்கள். ஆனால் அரை நேரத்தில் பையன்கள் ஓடி வந்தால் கைபொறுக்காத சூடு. யாரோ பக்கத்துக் கிணற்றிலிருந்து இரண்டு குடம் பச்சைத் தண்ணீரை அதில் ஊற்றி ஆற்றினார்கள். யாரோ என்ன யாரோ, ஒரு குடம் ஊற்றியது நான்தான். நிறம் சிவப்பாகவே இருந்தது, குடித்தவர்களுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? கேரள சுகாதாரத் துறை இதைச் செய்யாதீர்கள் என்று பல தடவை சொன்னதுதான். படித்தும் இருக்கிறேன்.

அந்த அண்டாதான் காரணமா, எலுமிச்சை ஜூஸில் போட்ட ஐஸா, பரிமாறிய கையா என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஐஸ் மீன் பெட்டிக்கு அடிக்கிற பாளம், சாக்கில் சுற்றி வந்தது. உடைத்தவர் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு உடைத்தார். நாலு வாரம் கழித்துப் போய்ச் சோதிக்க அங்கே என்ன மிச்சம் இருக்கும்?

இந்தப் பதிவில் நான் சொல்ல வந்ததே இந்த நாலு வாரத்தைப் பற்றித்தான். ஹெபடைடிஸ் ஏ கிருமி உள்ளே போய் நோய் தெரிய 15 நாளிலிருந்து 50 நாள் வரை ஆகும், சராசரியாக 28 நாள். பிரியாணி கெட்டுப்போய் அன்று ராத்திரியே பத்துப் பேர் வாந்தி எடுத்தால் கமிட்டியின் சட்டையைப் பிடிப்போம். மஞ்சக்காமாலை வருகிற நேரத்தில் பந்தலைப் பிரித்திருப்பார்கள், ஃபிளக்ஸ் போர்டு யாரோ ஒருவர் மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகியிருக்கும். யாரும் யாரையும் கேட்பதில்லை. அடுத்த வருடம் அதே கிணறு, அதே அண்டா.

போதாததற்கு எங்களுக்கு எல்லை வேறு. அரை இறுதியில் எங்களிடம் தோற்றது பொள்ளாச்சிப் பக்கத்து டீம். ஆஷா சேச்சி போன பிறகு அவர்கள் மேனேஜருக்குப் போன் செய்தேன். "ஏனுங்ணா, உங்க பசங்களுக்கும் காமாலையா? இங்க மூணு பேருக்குங்க" என்றார். எங்கள் நாலு பேர் கேரளத்து ஆரம்ப சுகாதார நிலையக் கணக்கில். அவர்களின் மூன்று பேரில் இரண்டு பேர் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிக் கணக்கில், ஒருவன் நாட்டு மருந்தோடு சரி, எந்தக் கணக்கிலும் இல்லை. மொத்தம் ஏழு என்று தெரிந்தது உலகத்திலேயே இரண்டு டீம் மேனேஜர்களுக்கு மட்டும். நிபா வந்தால் வாளையாறு சோதனைச் சாவடியில் நெற்றிக்கு நேரே தெர்மாமீட்டரை நீட்டுகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் கண் மஞ்சளாவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில்தான் இந்தக் கிருமி அதிகமாகப் பரவும். அப்போது ஆள் கிண்ணென்று இருப்பான், சாவடியில் சலாம் வைத்துவிட்டுப் போவான்.

கமிட்டிச் செயலாளரிடம் பேசினேன். "சேட்டா, எங்க தண்ணியில ஒண்ணும் இல்ல, நாங்களும் அதைத்தான் குடிச்சோம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு ஐம்பத்தைந்து வயது. நம் அப்பா தலைமுறைக்கு இந்த நோய் அநேகமாகச் சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும். ஆறு வயதுக்குக் கீழே வந்தால் பெரும்பாலும் வெளியே தெரியாது, ஒரு தடவை வந்தால் ஆயுளுக்கும் எதிர்ப்பு. கக்கூஸும் குழாயும் உள்ள வீட்டில் வளர்ந்த இன்றைய பையன்களுக்கு அது சின்ன வயதில் வருவதில்லை, இருபது வயதில் முதல் தடவையாக வருகிறது, வந்தால் படுக்கப் போடுகிறது. "எங்க காலத்துல வாய்க்கால் தண்ணி குடிச்சு ஆடுனோம்" என்று மைக்கில் பெருமை பேசுகிற அண்ணன்மார்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2024இல் எர்ணாகுளம் மாவட்டம் வேங்ஙூர் பஞ்சாயத்தில் குடிநீர் மூலமாக இருநூறு பேருக்கு மேல் இந்தக் காமாலை வந்தது. அங்கே குளோரின் சரியாகக் கலக்காத குழாய்த் தண்ணீர். நம் கிரவுண்டு ஓரத்துக் கிணறு எந்த மூலை?

தடுப்பூசி இருக்கிறது. அரசின் இலவசப் பட்டியலில் இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். எங்கள் பையன்களில் பாதிப் பேர் பெயிண்ட் அடிக்கவும் இளநீர் வெட்டவும் போகிறவர்கள். அவர்களிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் தண்ணீரைத்தான் பிடித்தேன்.

போன வருடம் எங்கள் ஊரே டோர்னமெண்ட் நடத்தியது. கமிட்டியில் சண்டை போட்டு ஒரு பொறுப்பை வாங்கினேன். கிணற்றுக்கு ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் ப்ளீச்சிங் பவுடர், அதுவும் முந்தின ராத்திரியே. நோய் பரவுகிற காலமென்றால் அதற்கு இரண்டு மடங்கு. அளவெல்லாம் ஆஷா சேச்சி சொன்னது. அண்டாவை மத்தியானமே கொதிக்க வைத்து மூடி ஆற விட்டோம், யாரும் குடத்தோடு பக்கத்தில் வராமல் ஒரு ஆளை உட்கார வைத்தோம். டம்ளரை விட்டு மொள்ளாமல் இருக்க அண்டாவுக்கு அடியில் குழாய். கடையில் ஐஸ் பாளத்துக்குத் தடை. ஜூஸ் கடைக்காரர் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

சோப்புக் கதை தனி. முதல் நாள் கக்கூஸ் பக்கத்தில் ஆறு சோப்பு வைத்தோம், ராத்திரி பத்து மணிக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டாம் நாள் பழைய சாக்ஸுக்குள் சோப்பைப் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டோம். அசிங்கமாக இருந்தது, ஆனால் இருந்தது. சானிடைசர் பாட்டில் வைத்தால் போதாதா என்று கேட்டார்கள். வாந்தி பேதியைக் கிளப்புகிற நோரோ வைரஸுக்கு அது சரியாக எடுபடாது, சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் வேண்டும்.

அந்த வைரஸைப் பற்றி ஒரு பழைய சம்பவம் உண்டு. 1998 செப்டம்பரில் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழக அணி, ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு ஆடப் போனது. ஆட்டம் நம் கால்பந்து அல்ல, முட்டை மாதிரிப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி மோதுவது. டியூக் பையன்கள் முந்தின நாள் சாப்பிட்ட பொட்டலச் சாப்பாட்டிலிருந்து தொற்றிக்கொண்டு, வாந்தியும் பேதியுமாகவே இறங்கி ஆடினார்கள். பிறகு எதிரணியிலும் பலர் படுத்துவிட்டார்கள். இரண்டு அணியும் சந்தித்தது மைதானத்தில் மட்டும்தான்.

நம் ஊரில் இது நடக்காது என்று யாராவது நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன். காய்ச்சலோடு இருக்கிற பையனுக்கு ஒரு மாத்திரையைக் கொடுத்து, "கண்ணு, இருபது நிமிஷம் மட்டும் நில்லு" என்று இறக்கிவிட்டது நான்தான். ஏன் இறக்கினேன்? லிஸ்டில் எழுதிய பேரை மாற்ற முடியாது. ஆள் குறைந்தால் வாக்கோவர், எண்ட்ரி ஃபீஸ் போச்சு, அதற்கு மேல் அபராதம் வேறு. காய்ச்சல்காரனை மைதானத்துக்குள் தள்ளுவது அந்த விதிதான். எனவே எங்கள் டோர்னமெண்டில் அதை மாற்றச் சொன்னேன்: காய்ச்சல், வாந்தி, கண்வலி, அம்மை, கொப்புளம் எதுவானாலும் ஆட்டம் தொடங்கும் வரை ஆள் மாற்றலாம், காசும் இல்லை, கேள்வியும் இல்லை. டீமே வர முடியாவிட்டால் எண்ட்ரி ஃபீஸ் வாபஸ். "எல்லாரும் ஏமாத்துவாங்க" என்றார்கள். இரண்டு டீம் ஏமாற்றியது. காய்ச்சல் என்று சொல்லிவிட்டு நல்ல கெஸ்ட் பிளேயரை இறக்கினார்கள். பரவாயில்லை, ஏமாற்றியவனிடமிருந்து யாருக்கும் காய்ச்சல் ஒட்டாது. கெஸ்ட் பிளேயர்களைத்தான் உண்மையில் பார்க்க வேண்டும். இன்று ஒரு டீம், நாளை பக்கத்து ஜில்லாவில் இன்னொரு டீம் என்று சீசன் முழுக்கச் சுற்றுகிறவர்கள். அவர்களுக்குக் கூலி ஆடினால்தான். யாரும் உடம்பு சரியில்லை என்று வாய் திறக்க மாட்டார்கள்.

அம்மை விஷயத்தில் மட்டும் நம் வழக்கத்தைப் பாராட்ட வேண்டும். வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் எந்தக் கமிட்டியும் அந்தப் பையனைக் கூப்பிடாது, ஆத்தா கோபித்துக்கொள்வாள். பங்குனி, சித்திரை வெயிலில் டோர்னமெண்ட் சீசனும் அம்மை சீசனும் ஒன்றாக வருகிற ஊரில் அது பெரிய உதவி. ஒரே குறை, கொப்புளம் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது தொற்ற ஆரம்பித்துவிடும். மூச்சுப் பிடித்து முகத்துக்கு முகம் பாடிக்கொண்டு வருகிற கபடியில் அதற்கு என்ன செய்ய முடியும் என்று எனக்கு வழி தெரியவில்லை.

அப்புறம் துண்டு. ஒரு வாளித் தண்ணீர், ஒரு ஸ்பாஞ்சு, ஒரு துண்டு, பதினாலு முழங்கால். யாருக்கு அடிபட்டாலும் அதே ஸ்பாஞ்சுதான், நாங்கள் அதை மந்திரத் தண்ணி என்போம். சுவீடனில் காட்டுக்குள் வரைபடம் பார்த்து ஓடுகிற பந்தயக்காரர்களிடையே 1957 முதல் 1963 வரை 568 பேருக்கு ஹெபடைடிஸ் பி வந்தது, இது ரத்தம் வழியாகத் தொற்றுகிற வேறு காமாலை. முள்ளும் குச்சியும் கீறிய காலோடு வந்து எல்லோரும் பொதுத் தண்ணீரில் கழுவியது பெரிய காரணம் என்று சந்தேகப்பட்டார்கள். 2003இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் என்ற தொழில்முறை அணியில் ஐந்து வீரர்களுக்கு, செயற்கைப் புல் உரசிய காயங்களில், மருந்துக்கு அடங்காத சீழ்க்கட்டி. அங்கும் துண்டைப் பங்கு போட்டிருக்கிறார்கள். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களே ஒரே துண்டில் துடைத்தார்கள் என்று படித்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. எங்கள் பையன்களுக்கு வருவது பெரும்பாலும் படர்தாமரை. கமிட்டி கொடுக்கிற ஜெர்சியை துவைக்காமல் அடுத்த டீமுக்கு மாட்டினால் வேறென்ன வரும்? இப்போது துண்டு அவரவர் வீட்டிலிருந்து. ரத்தம் வந்தால் நின்று, கட்டுப் போட்டு, ரத்தக்கறை ஜெர்சியை மாற்றிய பிறகுதான் உள்ளே. கால்பந்துச் சட்டத்திலேயே இருக்கிற விதிதான், எங்கள் ரெஃப்ரிகளுக்கு அது நினைவில் இல்லை, அவ்வளவுதான். டெட்டனஸ் ஊசி பத்து வயதிலும் பதினாறு வயதிலும் இலவசம். பதினாறில் போட்டவன் கையைத் தூக்கு என்றேன், மூன்று கை எழுந்தது.

மழைக்காலத்தில் சேற்றுப் பந்தாட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உழுத வயலில் எலி மூத்திரம் இல்லாத சேறு கிடையாது. காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள், நடத்துவதற்கு முன்பே சுகாதார நிலையத்தில் சொல்லி டாக்ஸிசைக்ளின் தேவையா என்று கேளுங்கள். எலிக்காய்ச்சலுக்கு அது கேரளத்தில் வழக்கமாகக் கொடுப்பதுதான். 2000ஆம் ஆண்டு போர்னியோ தீவில் நடந்த சாகசப் பந்தயத்தில் ஆற்றில் நீந்திய வீரர்கள் பலருக்கு எலிக்காய்ச்சல் வந்தது, அந்த மருந்தை முன்கூட்டியே சாப்பிட்டவர்கள் ஓரளவு தப்பினார்கள். ஆட்டம் முடிந்து பாசி பிடித்த குளத்தில் குதிப்பதையும் நிறுத்துங்கள். மூக்கு வழியாக மூளைக்கு ஏறுகிற அமீபா பற்றி இங்கே எல்லோரும் பேப்பரில் படித்தாயிற்று.

கடைசியாக நான் செய்தது ஒரு நோட்டுப் புத்தகம். எண்ட்ரி போடும்போதே ஒவ்வொரு டீம் மேனேஜரின் போன் நம்பர், டீமில் யார் யார், எந்த ஊர். ஃபைனல் முடிந்து முப்பதாம் நாள் பதினாறு பேருக்கும் போன். ஐம்பதாம் நாள் இன்னொரு தடவை. யாருக்காவது காய்ச்சல், காமாலை இருந்தால் இந்தப் பக்கம் ஆஷா சேச்சிக்கும், அந்தப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் ஒரே நாளில் சொல்லிவிடுவது என்று ஏற்பாடு. ஐந்து பேர் எடுக்கவே இல்லை. இரண்டு பேர் நன்கொடை கேட்கிறேன் என்று நினைத்துக் கட் செய்தார்கள். மிச்சப் பேரிடம் காமாலை இல்லை. ஒரு டீமில் மூன்று பேருக்குப் படர்தாமரை. துண்டு விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தேன்.

போன வருடக் கோப்பை அந்தப் பொள்ளாச்சி டீமுக்குத்தான் போனது. முப்பதாம் நாள் அவர்கள் மேனேஜருக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, மூன்றாம் தடவைதான் எடுத்தார். எல்லோரும் சௌக்கியமா, கண்ணு யாருக்கும் மஞ்சளா இல்லையே என்று கேட்டேன். பெரிதாக மூச்சு விட்டார்.

"இதுக்குத்தானுங்ணா? கெஸ்ட் பிளேயர் விஷயம் தெரிஞ்சு கோப்பையைத் திருப்பிக் கேக்கறீங்களோன்னு பயந்துட்டேனுங்க."