பாதை வெட்டியவருக்குப் பட்டா இல்லை

அமெரிக்க வேட்டைக்காரர் டேனியல் பூன் என்றதும் ரக்கூன் என்ற விலங்கின் வால் தொங்கும் தொப்பி, தோளில் நீளத் துப்பாக்கி, இன்று அமெரிக்க மாநிலமாக இருக்கும் 'கென்டக்கியைக் கண்டுபிடித்தவர்' என்ற பட்டம். இதில் துப்பாக்கி மட்டும்தான் நிஜம். அவர் போட்டது சாதாரண ஃபெல்ட் தொப்பி. 'கண்டுபிடித்த' கதை அதைவிட மோசம். பூன் அந்தக் காட்டில் நீண்ட வேட்டைக்கு இறங்கியது 1769இல். தாமஸ் வாக்கர் என்ற மருத்துவர் 1750லேயே கென்டக்கிக்குள் நுழையும் மலைவழியான கம்பர்லாந்து கணவாயைத் தாண்டிப் போய்வந்துவிட்டார். செரோக்கி, ஷானி பழங்குடிகள் அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே போய்வந்துகொண்டிருந்த தடம் அது.

என்னைக் கேட்டால், கென்டக்கியின் கதையைத் துப்பாக்கியிலிருந்து தொடங்கவே கூடாது. பத்திரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1775 மார்ச். ரிச்சர்ட் ஹெண்டர்சன் என்ற முன்னாள் நீதிபதி, சிகமோர் ஷோல்ஸில் செரோக்கித் தலைவர்களைக் கூட்டி, சுமார் 2 கோடி ஏக்கரை விலைபேசினார். விலை 10,000 பவுண்டு, அதில் பெரும்பகுதி சரக்காக. பழங்குடி நிலத்தைத் தனியார் வாங்கக் கூடாது என்று 1763லேயே பிரிட்டிஷ் அரசாணை இருந்தது. சட்டம் தெரிந்தவர்தான் இதைச் செய்தார்! விற்கச் சம்மதித்த தலைவர்களில் ஒருவரான அட்டகுல்லகுல்லாவின் மகன் டிராகிங் கனூ இதை ஏற்காமல் எழுந்து போனார். அப்புறம் பல வருடம் சண்டைதான்.

ஹெண்டர்சனுக்காகப் பாதை வெட்ட ஏறக்குறைய 30 கோடரிக்காரர்களோடு கிளம்பியவர் பூன். மார்ச் 25, விடியுமுன், ஆட்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது பழங்குடியினரின் தாக்குதல். ட்விட்டி என்பவர் படுகாயமடைந்து பிறகு இறந்தார். அவருடைய அடிமையான சாம் அங்கேயே செத்து விழுந்தார். முன்னோடிகள் பட்டியல் போடுகிறவர்கள் சாமை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? 1790 கணக்கெடுப்பில் கென்டக்கியின் 73,677 பேரில் 12,430 பேர் அடிமைகள்.

சரி, நிலம் என்ன ஆனது? 1778இல், கென்டக்கியைத் தன் பகுதியாக வைத்திருந்த வர்ஜீனியா மாநிலம், ஹெண்டர்சனின் கிரயம் செல்லாது என்றது. ஆனாலும் அவருக்கு 2 லட்சம் ஏக்கர் ஈடு. பெரிய கைக்கு எப்போதும் ஒரு வழி.

சின்னக் கைகளுக்கோ வில்லங்கம். ஒழுங்கான பொது அளவை கிடையாது. அவனவன் சங்கிலி பிடித்து, 'இந்த வெள்ளை ஓக்கிலிருந்து அந்த ஓடை வளைவு வரை' என்று எழுதிக் கொடுப்பான். மரம் விழுந்தால் எல்லையும் போச்சு. ஒரே இடத்துக்கு மூன்று நான்கு பேர் உரிமை, கூரை ஓடு அடுக்கின மாதிரி. வழக்கறிஞர்கள் கொழித்தார்கள். ஆபிரகாம் லிங்கனின் குடும்பம் 1816இல் கென்டக்கியை விட்டு இண்டியானாவுக்குப் போனதற்கு, அடிமைமுறை ஒரு பகுதிக் காரணம், முக்கியக் காரணம் நிலப்பத்திரச் சிக்கல் என்று அவரே எழுதியிருக்கிறார்.

பூனும் தப்பவில்லை. தானே நில அளவையாளர். ஆனாலும் தன் நிலத்தை முறையாகப் பதிவதில் கோட்டை விட்டார். வழக்கு, கடன். 1799இல், அப்போது ஸ்பெயின் வசமிருந்த மிசௌரிக்குப் போனார். அங்கே கிடைத்த நிலமும், நாடு அமெரிக்கா கைக்கு மாறியதும் காகிதம் சரியில்லை என்று போனது. 1814இல் அமெரிக்க நாடாளுமன்றம் 850 ஏக்கரைத் திருப்பித் தந்தது. கென்டக்கிக் கடன்காரர்களுக்காக அதையும் விற்றார் கிழவர்.