மூச்சுப் பயிற்சியைவிட ஒரு தாளும் பேனாவும்

நாய்க்கு அறுவைச் சிகிச்சை என்றால், பதற்றம் தணிய கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. செய்து பார்த்தேன். கண்ணை மூடினால் எங்கள் நாய் மணிதான் தெரிகிறாள். சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு எங்களுடையது. அவளுக்கு ஒன்பது வயது, பால்மடியில் கட்டி. வருகிற வியாழக்கிழமை ஈப்போவில் அகற்றுகிறார்கள்.

எனக்குக் கைகொடுத்தது கேள்விகளை எழுதிய தாள்தான். மயக்க மருந்துக்கு முன் இரத்தப் பரிசோதனை உண்டா என்று கேட்கப்போய், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைவு என்று தெரிந்தது. உண்ணிக் காய்ச்சல்! தோட்டத்துப் புல்லில் புரண்டு வருகிறவளுக்கு வேறென்ன வரும்? அப்படியே கத்தி வைத்திருந்தால் இரத்தம் நிற்பதே சிரமமாகியிருக்கும். அதற்கு 28 நாள் டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை. வாழைப்பழத்தில் பொதிந்து கொடுத்தால் பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் என் காலடியில் துப்புவாள். கடைசியில் அவித்த கோழி ஈரல்தான் அவளை ஏமாற்றியது. இப்போது தட்டணுக்களின் எண்ணிக்கை ஏறிவிட்டது.

முதல் நாள் இரவுக்குமேல் உணவு கூடாது. மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். அன்று காலை நாங்களும் அவள் எதிரில் பசியாறப் போவதில்லை.

“நாய்க்கா இவ்வளவு செலவு?” என்று கேட்டார் பக்கத்து வீட்டு அக்கா. அவரேதான் நேற்று கோயில் திருநீற்றைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து மணியின் நெற்றியில் பூசிவிட்டுப் போனார்.