"எஃப்ஏஏ அங்கீகரித்த ஆப்" என்று ஒன்று கிடையாது

"எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) அங்கீகாரம் உள்ள ஆப்பில் ஏற்றினால்தான் அமெரிக்காவில் பறந்த மணிநேரம் செல்லும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. விமானிகள் பறந்த மணிநேரத்தைக் குறித்து வைக்கும் சொந்த லாக்புக் ஆப்புக்கு எஃப்ஏஏ முத்திரை குத்துவதில்லை. எஃப்ஏஏ விதி 61.51 கேட்பது ஏற்கத்தக்க முறையில் பதிவு இருக்க வேண்டும் என்பதைத்தான். காகித நோட்டும் செல்லும்.

பார்க்க வேண்டியது கையெழுத்தை. பயிற்றுநர் மின்கையெழுத்துப் போட்ட வரியில் நீங்கள் கை வைத்தால் அந்தக் கையெழுத்து செல்லாமல் போக வேண்டும்; போகிறதா? காசு கட்டும் முன் ஒரு மாதிரிப் பதிவு போட்டுச் சோதியுங்கள். மாணவர்கள் தனியாக கிராஸ் கன்ட்ரி (வேறு ஊருக்கான நெடும் பறப்பு) போகும்போது லாக்புக் விமானத்திலேயே இருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். சார்ஜ் தீர்ந்த போனை நீட்டி என்ன பயன்?

ஏர்லைன்காரர்களுக்கு ரோஸ்டரை (பணி அட்டவணையை) அப்படியே இழுத்துக்கொள்ளும் வசதி பெரிய நிம்மதி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆப் மாற்றும்போது உஷார்: 1:12, அதாவது ஒரு மணி 12 நிமிஷம், என்பது தசமத்தில் 1.2 மணி. அது 1.12 என்று போய் உட்கார்ந்தால் அந்த ஒரு பறப்பிலேயே ஐந்து நிமிஷம் காலி. எனக்கு நடந்தது, பழைய வரிகளைத் திருத்தவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.